இருபக்கச் சாணைக்கல்: பாவனையும் பராமரிப்பும்

மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு ஹாட்வெயார் கடையில் வாங்கிய, ஒரு பக்கம் 1000 என்றும் மறுபக்கம் 6000 என்றும் எண்ணிடப்பட்ட, தண்ணீரில் நனைத்துப் பாவிக்கும் சாணைக்கல்லைப் பற்றியது இந்த மதிப்பீடு. எண் கூடக்கூடக் கல்லின் துகள் நுண்மையாகும்; 1000 மழுங்கிய கத்திக்குக் கூர்மையை உண்டாக்கும், 6000 அந்தக் கூர்மையை மெருகேற்றும். கத்தியை 15 முதல் 20 பாகை வரையான சரிவில் பிடித்து நிதானமாகத் தீட்டினால், பழுத்த தக்காளியும் நசியாமல் அரிபடுகிறது. தீட்டும் திறனில் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறையெல்லாம் பராமரிப்புப் பற்றிப் பெட்டியிலிருந்த துண்டுத்தாள் ஒரு வரிகூடச் சொல்லாததில்தான் இருக்கிறது. இவ்வகைக் கல் மென்மையானது. கத்தி பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே ஓடுவதால் அங்கே தேய்ந்து குழி விழுகிறது. குழிந்த கல்லில் கத்தியின் சரிவு ஒவ்வோர் இழுவையிலும் மாறுவதால், எவ்வளவு நேரம் தீட்டினாலும் சீரான கூர் வராது. இதைக் கண்டறிய, கல்லின் மேற்பரப்பில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வரைந்து, தட்டையான தரை டைல் ஒன்றின்மேல் 220 எண் வாட்டர் பேப்பரை (நனைத்துப் பாவிக்கும் அரத்தாள்) விரித்து, தண்ணீர் தெளித்து அதன்மேல் கல்லைத் தேய்க்க வேண்டும். ஓரக் கோடுகள் அழிந்து நடுக்கோடுகள் எஞ்சினால் அங்கே குழி இருக்கிறது. எல்லாக் கோடுகளும் அழியும்வரை தேய்த்தால் கல் மீண்டும் சமமாகிவிடும். கல்லைச் சமப்படுத்தவென்று பெட்டியோடு தந்த சிறு கல்லோ தானே சமமாக இல்லை. அதை நம்ப வேண்டாம்.

1000 பக்கத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம், குமிழிகள் நிற்கும்வரை ஊறவைத்தால் போதும். 6000 பக்கத்துக்குத் தண்ணீர் தெளிப்பதே போதுமானது. நாட்கணக்கில் தண்ணீரிலேயே போட்டு வைத்தால் கல் மென்மையாகிவிடலாம். பழைய எண்ணெய்க்கல்லில் பழகியவர்களுக்கு இதிலும் தேங்காயெண்ணெய் விடத் தோன்றும். விடக்கூடாது; எண்ணெய் நுண்துளைகளை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. தீட்டும்போது எழும் சேறு அழுக்கன்று, வெட்டும் துகள்கள் அதிலேயே இருப்பதால் இடையிடையே கழுவாமல், வேலை முடிந்த பிறகு கழுவுவதே முறை.

உலர்த்துவதில்தான் நமது காலநிலை குறுக்கிடுகிறது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து வெடிப்பு ஏற்படக்கூடும். மாரியிலோ ஈரம் உள்ளே தங்கிவிடும், அப்படியே பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். எக்காலத்திலும் நிழலில், காற்றோட்டமான இடத்தில், பக்கவாட்டில் நிறுத்தி உலர்த்துவது நல்லது. கூடவே தந்த மூங்கில் தாங்கி ஈரத்தில் ஊதிவிட்டது, அதன் இறப்பர் அடியும் வழுக்குகிறது. நனைத்துப் பிழிந்த துணியை மடித்து அடியில் போட்டால் கல் அசையாது.

நாளாந்தம் மரக்கறி அரியும், மீன் வெட்டும் வீட்டுக் கத்திகளுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். தலைமுள்ளில் பட்டு வாய் உடைந்த பெரிய வெட்டுக்கத்திகளுக்கு 1000 மிக மெதுவாகவே வேலை செய்யும். அவற்றை முதலில் 400 அல்லது அதனிலும் கரடான கல்லில் தீட்டிவிட்டே இதற்குக் கொண்டுவர வேண்டும்.