மூன்று ஆண்டு சந்தா கட்டிப் பார்த்த பொதுச் சுகாதாரக் கூட்டமைப்பு: ஓர் உறுப்பினரின் மதிப்புரை

நாங்கள் நடத்துவது நீரிழிவு நோயாளிகளுக்கான சிறிய தன்னார்வ அமைப்பு. புகையிலை, சர்க்கரை, உப்பு ஆகியவை தொடர்பான கொள்கைகளுக்காகக் குரல் கொடுக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றில் மூன்று ஆண்டுகளுக்கு முன் சந்தா செலுத்திச் சேர்ந்தோம். அதன் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. இதே அமைப்பு முறையில் இயங்கும் வேறு கூட்டமைப்புகளில் உள்ள நண்பர்களும் ஏறத்தாழ இதே அனுபவத்தைச் சொல்வதால், பெயரைவிட முறைதான் முக்கியம் என்று கருதுகிறேன். சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சிறு அமைப்புகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

மருத்துவ முகாம், மருந்து உதவி, திட்ட நிதி ஆகியவற்றை எதிர்பார்த்துச் சேருபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். முதல் ஆண்டு முடிவில் எங்கள் பொருளாளரே, “சந்தா கட்டினோமே, கைக்கு என்ன வந்தது?” என்று கேட்டார். சட்டமும் வரியும் எச்சரிக்கைப் படமும் வருவதற்காக அரசுகளை நெருக்குவதுதான் இத்தகைய கூட்டமைப்பின் வேலை என்பதால், அதன் பலனை ரசீதில் காட்ட முடியாது. எடுத்துக்காட்டாக, உலகச் சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு உடன்படிக்கை 2003 மே மாதம் ஏற்கப்பட்டு, 2005 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கான பேச்சுவார்த்தையின்போது, தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து 1999-இல் அமைத்த ஃபிரேம்வொர்க் கன்வென்ஷன் அலையன்ஸ், வரைவின் ஒவ்வொரு பிரிவையும் தொடர்ந்து கவனித்து, செய்திமடல் வெளியிட்டு, அரசுப் பிரதிநிதிகளோடு வாதாடிக்கொண்டிருந்தது. நல்ல நிலைப்பாடு எடுத்த நாட்டுக்கு ஆர்க்கிட் மலரையும், முட்டுக்கட்டை போட்ட நாட்டுக்கு அழுக்குச் சாம்பல் கிண்ணத்தையும் விருதாக அறிவிக்கும் வழக்கமும் அதற்கு உண்டு. குறும்பாகத் தோன்றினாலும், கூடத்துக்குள் ஒரு நாடு என்ன பேசியது என்பதை வெளியுலகுக்குத் தெரிவிக்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. அதேபோல், நீரிழிவு, இதயநோய், புற்றுநோய் ஆகிய துறைகளின் பன்னாட்டு அமைப்புகள் 2009-இல் கைகோத்து, தொற்றா நோய்களுக்கான கூட்டணியாக என்சிடி அலையன்ஸைத் தொடங்கின. 2011 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தொற்றா நோய்கள் குறித்து உயர்மட்டக் கூட்டம் நடத்தியது. தனித்தனியே கதவைத் தட்டியிருந்தால் இது இவ்வளவு விரைவில் நடந்திருக்குமா என்பது ஐயமே.

எங்கள் கூட்டமைப்பின் நிர்வாக விதிகளைப் படித்தபோது மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு கூடும். சந்தா எவ்வளவாக இருந்தாலும் ஓர் அமைப்புக்கு ஒரே வாக்கு. நிர்வாகக் குழு உறுப்பினரின் பதவிக்காலத்துக்கு உச்சவரம்பு உண்டு. செயல் இயக்குநர் சம்பளம் பெறும் பணியாளர் என்பதால் கூட்டத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. நோயாளிகளின் பிரதிநிதிக்கென்று ஓர் இடத்தையும் ஒதுக்கியிருக்கிறார்கள். தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, கேட்காமலேயே ஆண்டறிக்கையோடு வந்துவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் உயர்த்திச் சொல்வது, முடிவெடுப்பவரின் சொந்த ஆதாயம் முடிவில் கலக்காமல் தடுக்கும் நலன் முரண்பாட்டு விதியைத்தான். புகையிலை உடன்படிக்கையின் 5.3-ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் வணிக நலன்களிடமிருந்து காக்க வேண்டும் என்று அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. அரசுக்குச் சொல்லும் அறிவுரையை முதலில் தன் வீட்டில் கடைப்பிடிக்காத கூட்டமைப்புக்கு மரியாதை இருக்காது. உடற்பருமனுக்கு உணவைவிட உடற்பயிற்சிக் குறைவே காரணம் என்ற கருத்தை முன்னிறுத்திய குளோபல் எனர்ஜி பேலன்ஸ் நெட்வொர்க், கோகோ கோலா நிறுவனத்தின் பணத்தில் இயங்கியது வெளிப்பட்டு, 2015-ஆம் ஆண்டு முடிவதற்குள் கலைக்கப்பட்டது. 2017-இல் சிகரெட் நிறுவனமான ஃபிலிப் மோரிஸ் இன்டர்நேஷனலின் நிதியில் புகையற்ற உலகுக்கான அறக்கட்டளை ஒன்று அறிவிக்கப்பட்டபோது, அதனோடு கூட்டுச் சேரப் போவதில்லை என்று உலகச் சுகாதார அமைப்பு உடனே அறிவித்தது. பெயரில் சுகாதாரம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பணம் எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் சோதனை.

எங்கள் கூட்டமைப்பு இந்தச் சோதனையில் தேறியதை நேரில் பார்த்தேன். பானங்களுக்கான வரி பற்றிய விவாதம் தொடங்குவதற்கு முன், நிர்வாகக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, தம் பல்கலைக்கழகத் துறை ஒரு பான நிறுவனத்திடம் ஆய்வு உதவித்தொகை பெறுவதாகச் சொல்லிவிட்டுத் தம் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பார்வையாளராக அமர்ந்திருந்த எனக்கு அது சற்றுச் சங்கடமாகக்கூட இருந்தது. அவர் வெளியேறிய நேரமும் திரும்பி வந்த நேரமும் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருந்தன. விதி என்பது தாளில் இருப்பதற்கும் ஒருவர் நாற்காலியை விட்டு எழுவதற்கும் உள்ள தூரத்தை அன்று புரிந்துகொண்டேன்.

இனி குறை. கூட்டறிக்கைகளுக்கு உறுப்பினர்களின் ஒப்புதல் பெற “மறுப்பு வராவிட்டால் சம்மதம்” என்ற முறையைக் கையாள்கிறார்கள். வரைவை மின்னஞ்சலில் அனுப்பி, குறித்த நேரத்துக்குள் ஆட்சேபம் வராவிட்டால் எல்லோரும் ஏற்றதாகக் கொள்வார்கள். அவசரத்துக்கு இது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மௌனம் சம்மதம் என்பது, கேள்வி காதில் விழுந்த பிறகுதான் பொருந்தும். இரண்டாம் ஆண்டில் ஒரு வரைவு வெள்ளிக்கிழமை மாலை வந்தது. கெடு திங்கள் நண்பகல். முழுநேர ஊழியர் ஒருவர் மட்டுமே உள்ள எங்கள் அலுவலகத்தில் அதைத் திங்கள் மாலைதான் திறந்தோம். பொதுக்குழுத் தீர்மானத்தில் “சர்க்கரைப் பானங்களுக்கான வரியை உயர்த்த வேண்டும்” என்று இருந்தது, அறிக்கையில் “உயர்த்துவதைப் பரிசீலிக்க வேண்டும்” என்று மாறியிருந்தது. அரசு அலுவலகங்களோடு பழகியவர்களுக்குப் பரிசீலனை என்ற சொல்லின் ஆயுள் தெரியும். எங்கள் பெயரும் கீழே கையொப்பமாகச் சேர்ந்து அறிக்கை வெளியாகிவிட்டது.

நான் விசாரித்த வரையில், இதன் பின்னால் எந்த நிறுவனத்தின் கையும் இல்லை. அமைச்சகம் ஒன்றோடு நல்லுறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கூட்டமைப்பின் செயலகம் நினைத்திருக்கிறது, அவ்வளவே. புகார் எழுதினோம். செயலகத்தின் முதல் பதில் “உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்” என்ற வகை. பிறகு நிர்வாகக் குழுத் தலைவருக்கே எழுதியதும், ஆறு வாரம் கழித்துத் திருத்த அறிக்கை வந்தது. முதல் அறிக்கையை எடுத்துக் காட்டிய நாளிதழ்கள் திருத்தத்தைக் கண்டுகொள்ளவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தாவில் ஓடுவது செலவில் சிறு பகுதியே. மிச்சம், இன்ன வேலைக்கு மட்டும் என்று குறித்து அறக்கட்டளைகள் தரும் நிதி. ஆகவே புகையிலைக்குப் பணம் வரும் ஆண்டில் கூட்டமைப்பு முழுவதும் புகையிலையைப் பேசுகிறது. உப்புக்கான பணிக்குழு ஒன்றரை ஆண்டாகக் கூடவே இல்லை. இதில் முறைகேடு எதுவும் இல்லை என்றாலும், எதைப் பேசுவது என்பதை ஒரு வாக்கு கொண்ட உறுப்பினர்களைவிட வாக்கே இல்லாத நிதியாளர் அதிகம் தீர்மானிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

சேர விரும்புபவர்கள் சந்தாவுக்கு முன் மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: துணைவிதிகள், கடைசிப் பொதுக்குழுவின் குறிப்பு, நிதி கொடுத்தவர்களின் பட்டியல். மூன்றாவதைத் தரத் தயங்கினால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. எங்களுக்கு மூன்றும் அன்றே கிடைத்தன என்பதைக் கூட்டமைப்பின் கணக்கில் வரவு வைக்கிறேன்.

நான்காம் ஆண்டுச் சந்தாவையும் சென்ற வாரம் செலுத்திவிட்டோம். பொருளாளர் இம்முறை கேள்வி கேட்கவில்லை. கூட்டறிக்கை வரைவுகளுக்குக் குறைந்தது ஐந்து வேலை நாள் அவகாசம் தர வேண்டும், பொதுக்குழு ஏற்ற சொற்களைச் செயலகம் மாற்றினால் அந்த வரியைத் தனியே அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும் என்ற துணைவிதித் திருத்தத்தை வேறு நான்கு சிறு அமைப்புகளோடு சேர்ந்து அனுப்பியிருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் அது ஏழாவதாக, தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்பாக, இடம்பெற்றிருக்கிறது.