பில்டிஃபையர்: ஒன்றரை வருஷம் பழகிய பிறகு எழுதுகிறேன்

சேலம் அஸ்தம்பட்டியில் ஆறு பேர் கொண்ட சின்ன ஆபீஸ் எங்களுடையது. விசைத்தறிக்காரர்களுக்கு கணக்கு ஆப் செய்து தருகிறோம். யாருக்கு எவ்வளவு பாவு (நெசவுக்கான நீள நூல்) போனது, எந்தத் தறியில் எத்தனை சேலை இறங்கியது, கூலி எவ்வளவு பாக்கி, இதெல்லாம் அதில் வரும். சர்வர் கோ மொழியில், ஆண்ட்ராய்டு ஆப் ஜாவாவில். இரண்டின் கோடும் ஒரே ரெப்போவில் (கோடு வைக்கும் களஞ்சியம்) இருக்கிறது. அதை ஓடக்கூடிய ஆப்பாக மாற்றுவது, அதாவது பில்ட் செய்வது, பேஸல் என்ற கருவியில். எதை எதிலிருந்து பில்ட் செய்வது என்று பேஸலுக்குச் சொல்லும் பில்ட் ஃபைல்களை ஒழுங்காக அடுக்கித் தரும் ஃபார்மேட்டர்தான் பில்டிஃபையர். இலவசம், ஓப்பன் சோர்ஸ். பேஸல் பயன்படுத்துகிறவர்கள் தயங்காமல் முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் தாமதமாகப் போட்டோம், அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

சர்வரின் முக்கிய பில்ட் ஃபைலில் டெப்ஸ் பட்டியல் (சர்வருக்குத் தேவையான மற்ற மாட்யூல்கள்) நாற்பது வரிக்கு மேல் இருக்கும். புதிதாக எது வந்தாலும் எல்லோரும் கடைசி வரிக்குக் கீழேதான் சேர்ப்போம். ஒரு நாள் நான் 'கூலி' மாட்யூலைக் கடைசியில் சேர்த்தேன். ஏற்காட்டில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தம்பி அதே நாளில் 'பாவு' மாட்யூலைக் கடைசியில் சேர்த்தான். மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்: இரண்டு மாற்றமும் ஒரே இடத்தில் மோதியதால், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் எதை வைப்பது என்று தெரியாமல் நின்றது. மலையில் அன்று நல்ல மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. போன் ஹாட்ஸ்பாட்டில் அவசரமாக ரீபேஸ் செய்தவன் (என் மாற்றத்தின் மேல் தன் மாற்றத்தை ஏற்றியவன்) தன் வரியை வைத்து என் வரியை விட்டுவிட்டான். இரவு ஒன்பதரைக்கு போன்: "அக்கா, பில்ட் ஒடஞ்சு கெடக்குதுங்க, என்னன்னே புரியல." ஒரே ஒரு வரி காணாமல் போனதைக் கண்டுபிடிக்க இரண்டு பேருக்கும் ஒரு மணி நேரம் ஆனது.

வரிசைப்படுத்திய பட்டியலில் இது அநேகமாக நடக்காது. ஆங்கில எழுத்துப்படி கூலி 'கே'யில் போய் உட்காரும், பாவு 'பி'யில். நடுவில் பத்துப் பதினைந்து வரி இருக்கும், கிட் இரண்டையும் தானாகவே சேர்த்துவிடும். ஃபைல் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு பேர் ஒரே இடத்தில் கை வைக்காமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம்.

டெப்ஸில் பில்டிஃபையர், முக்காற்புள்ளியில் (:) தொடங்கும் உள்ளூர் டார்கெட்டுகளை (அதே பில்ட் ஃபைலில் உள்ளவை) முதலில் வைக்கும். அப்புறம் இரட்டைச் சாய்கோட்டில் (//) தொடங்கும், ரெப்போவின் மற்ற இடங்களில் உள்ளவை, கடைசியில் 'அட்' (@) குறியோடு வரும் வெளி லைப்ரரிகள். ஒவ்வொரு விதிக்குள்ளும் (ஒரு டார்கெட்டை எப்படி பில்ட் செய்வது என்ற விவரம்) நேம் முதலில் வரும், சோர்ஸ் பட்டியல் மேலே, டெப்ஸ் கீழ்ப்பக்கம். எந்த ஃபைலைத் திறந்தாலும் கண் நேராக அதே இடத்துக்குப் போகிறது. ஃபைலுக்கு நடுவே கிடக்கும் லோட் வரிகள் (வேறு ஃபைலில் உள்ளதை இங்கே கொண்டுவருபவை) மட்டும் வெறும் ஃபார்மேட்டில் மேலே ஏறாது. குறைகளைக் கண்டு திருத்தும் லின்ட் ஃபிக்ஸ் மோடையும் சேர்த்து ஓட்ட வேண்டும். வெளி ரெப்போக்களை அறிவிக்கும் பழைய வொர்க்ஸ்பேஸ் ஃபைலில் லோட் வரிகளை அது இடம் மாற்றுவதில்லை. அங்கே ஒரு ரெப்போவை அறிவித்த பிறகுதான் அதிலிருந்து லோட் செய்ய முடியும் என்பதால் அதுதான் சரி.

செக் மோடில் ஓட்டினால் ஃபைலைத் தொடாது. ஒழுங்கில்லாத ஃபைல் இருந்தால் எக்ஸிட் கோட் 4 தரும். நாங்கள் அதை சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு) வைத்துவிட்டோம். "இந்த வரியை மேலே போடு" என்று ரிவ்யூவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தது அன்றோடு நின்றது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும். எல்லோர் லேப்டாப்பிலும் ஒரே வெர்ஷன் இருக்கட்டும். முதல் முறை ரெப்போ முழுவதையும் ஃபார்மேட் செய்யும் கமிட்டைத் தனியாகப் போட்டு, அதன் எண்ணை கிட் பிளேம் (எந்த வரியை யார் மாற்றினார் என்று காட்டும் வசதி) ஒதுக்கும் பட்டியலில் எழுதிவிடுங்கள். கிட் 2.23-லிருந்து அந்த வசதி இருக்கிறது.

இனி கவனிக்க வேண்டிய இடம். டேட்டாபேஸ் அட்டவணைகளை உருவாக்கும் எஸ்க்யூஎல் ஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவதற்கு நாங்களே ஒரு மேக்ரோ (பேஸல் விதிகளை உருவாக்கித் தரும் ஃபங்ஷன்) எழுதி, அதற்கும் சோர்ஸ் பட்டியல் வைத்திருந்தோம். கமாண்ட் ஓட்டி ஃபைல் உருவாக்க பேஸலிலேயே இருக்கும் விதியான ஜென்ரூலுக்குள் உள்ள சோர்ஸ் பட்டியலை பில்டிஃபையர் வரிசை மாற்றாது. ஆனால் நம் சொந்த மேக்ரோவில் வரிசைக்கு அர்த்தம் உண்டு என்று அதற்கு எப்படித் தெரியும்? 'வீவர்ஸ்' முதலில், 'லூம்ஸ்' அடுத்து என்று நாங்கள் வைத்திருந்ததை எழுத்துப்படி மாற்றி 'லூம்ஸ்' ஃபைலை முன்னால் கொண்டுபோனது. டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியலை) ஒழுங்காகப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தது நான்தான். பழைய வாடிக்கையாளர்களிடம் அட்டவணைகள் ஏற்கெனவே இருந்ததால் ஐந்து வாரம் ஒன்றுமே தெரியவில்லை. கொண்டலாம்பட்டியில் ஒரு புது வாடிக்கையாளருக்கு டேட்டாபேஸ் போட்ட அன்றுதான் வெளியே வந்தது. தறி அட்டவணை நெசவாளர் அட்டவணையைத் தேடியது, அது இன்னும் உருவாகவே இல்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு அம்மா இரண்டாவது முறை டீ கொண்டுவந்தபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தீர்வு ஒரு வரிதான். பட்டியலுக்கு மேலே 'டூ நாட் சார்ட்' என்று கமெண்ட் போட்டால் அதை அப்படியே விட்டுவிடும். இதற்கு எதிராக 'கீப் சார்ட்டட்' என்றும் ஒன்று உண்டு. அது வழக்கமாக வரிசைப்படுத்தாத பட்டியலையும் வரிசைப்படுத்தும். 'ஆட் டேபிள்ஸ்' என்ற ஆப்ஷன் வழியாக ஒரு ஜேசன் ஃபைலில் மொத்தமாக விதிவிலக்கு எழுதவும் முடியும். எனக்கு கமெண்ட்தான் பிடித்தது. ஜேசன் ஃபைல் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். கமெண்ட் பட்டியலைத் தொட வருகிறவர் கண்ணிலேயே படும்.

அந்தப் பட்டியலில் இப்போது இரண்டு கமெண்ட் வரிகள் இருக்கின்றன. முதல் வரி பில்டிஃபையருக்கு. அதற்குக் கீழே ஏற்காட்டுத் தம்பி தமிழில் எழுதியிருக்கிறான்: "நெசவாளர் முதலில், தறி பிறகு. மாற்றினால் புது டேட்டாபேஸ் எழும்பாது."