பொல்சேனாவா, விக்கோவா?

ரோமுக்கு வடக்கே இரண்டு எரிமலை ஏரிகள். மண், சரளைப் பாதைகளில் ஓட்டும் கிராவல் சைக்கிளுக்கு எது?

பொல்சேனா பெரியது: கரைச்சுற்று சுமார் 43 கி.மீ., நீர்மட்டம் 305 மீட்டர். கரையோரம் ஆலிவ் தோப்பும் மண்பாதையுமாக எளிதாகப் போகும். எரிமலை வாயின் விளிம்பிலுள்ள மோன்டேஃபியாஸ்கோனேக்கு ஏறும்போதுதான் கால் வலிக்கும்; கிட்டத்தட்ட 290 மீட்டர் ஏற்றம். அங்கே வியா ஃபிரான்சிஜெனா யாத்திரைப் பாதையில் ரோமானியர் பதித்த கருங்கல் தளம் வரும். கல் இடுக்கில் டயர் இறங்கி, காற்று குறைவாயிருந்தால் சக்கர விளிம்பு இடித்து டியூப் இரண்டு இடத்தில் கிழியும். அதனால் டியூபே இல்லாத 42 மி.மீ. டியூப்லெஸ் டயர் நல்லது; 75 கிலோ ஆளுக்குக் காற்றழுத்தம் 32 முதல் 36 பிஎஸ்ஐ வரை போதும். ஈரக் கல்லில் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள்.

விக்கோ சிறியது, சுற்று சுமார் 18 கி.மீ. மட்டுமே. ஆனால் ஏரியே 507 மீட்டர் உயரத்தில். அருகிலுள்ள மோன்டே சிமினோ மலையின் உச்சி 1,053 மீட்டர். 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பீச் மரக்காடு அந்த மலையில்தான். இலைச்சருகு வேரையும் கல்லையும் மறைத்துவிடும், இறக்கத்தில் வேகம் ஆகாது. முன் பல்சக்கரம் 40 என்றால் பின்னால் 42 பல்லாவது வேண்டும். ஹேசல்நட் அறுவடைக் காலமான ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் தோப்புப் பாதைகளில் இயந்திரங்களும் புழுதியும்தான்.

மழைக்கு மறுநாள் இரண்டிலுமே எரிமலை மண் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் அப்பிச் சக்கரத்தை நிறுத்திவிடும். நாள் முழுக்க ஓட்ட பொல்சேனா. அரை நாளும் ஏறும் ஆசையும் இருந்தால் விக்கோ. காட்டுக்காகவே எங்கள் ஓட்டு அதற்கு.