மாரி மப்பில் மட்டக்களப்பு, லென்ஸில் ஒரு போலரைசர்

இந்த ஃபில்டரை நான் வாங்கியது சித்திரை வெயிலுக்காக. பாசிக்குடாவில் வானம் கடும் நீலமாக வரட்டும் என்று 58 மில்லிமீட்டர் விட்டத்தில் சேர்குலர் போலரைசர் ஒன்றை, அதாவது லென்ஸின் முன்னால் மாட்டி வளையத்தைத் திருப்பினால் மினுக்கத்தைக் குறைக்கும் கண்ணாடியை எடுத்தேன், தபால் செலவோடு 6,500 ரூபாய் ஆனது. ஏழு மாதம் பாவித்த பிறகு சொல்கிறேன், அதன் அருமை தெரிந்தது மாரியில்தான். கார்த்திகையில் மூன்று நாலு நாள் சூரியனையே காணாமல் ஊர் மப்பும் மந்தாரமுமாகக் கிடக்குமே, அப்போது.

மப்பு நாளில் போலரைசர் எதற்கு என்று பலர் கேட்பார்கள். பாதி நியாயம்தான். முகில் மூடிய வானத்தைப் பார்த்து வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் வானம் அப்படியேதான் இருக்கும், முகிலுக்குள் ஒளி பலமுறை சிதறித்தான் கீழே வருகிறது. ஆனால் மழை விட்டதும் இலை, ரோட்டு, சுவர் எல்லாம் நனைந்து அந்த வெள்ளை வானத்தை மேலே பூசிக்கொண்டு நிற்கும். கண் அதைப் பெரிதாகக் கவனிக்காது, படத்தில் பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். இந்தப் பூச்சைத்தான் போலரைசர் எடுத்துவிடுகிறது.

காந்தி பூங்காவில் மரத்தடியில் நின்று வளையத்தை மெதுவாகத் திருப்பினேன். கால் சுற்று வருவதற்குள் இலைகளின் மினுக்கம் போய் உள்ளே இருந்த பச்சை எழும்பி வந்தது. இதை எடிட்டிங்கில் செய்துவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, மினுக்கம் மறைத்த நிறம் படத்தில் பதியவே இல்லை என்றால் பிறகு எதைக் கூட்டுவது?

கோட்டையில் இன்னும் நல்ல படங்கள் கிடைத்தன. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. வெயிலில் வெளிறித் தெரியும் சுவர், நனைந்த பிறகு பாசியும் கறையும் வெடிப்புமாகத் தன் வயதைக் காட்டுகிறது. ஒன்று, சுவருக்கு நேர் எதிரே நின்றால் ஃபில்டருக்கு வேலை இல்லை, சரிவாகப் பார்க்கும் இடமாக நில்லுங்கள். தண்ணீருக்கும் இதே கதைதான், மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 பாகை சாய்வில் பார்க்கும்போதுதான் மினுக்கம் முழுதாக அடங்கும்.

கல்லடியில் ஒரு பிழை விட்டேன். புதுப் பாலத்தில் நின்று, 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தையும் வாவியில் விழுந்த அதன் சாயலையும் சேர்த்து எடுக்க நினைத்து, பழக்கத்தில் வளையத்தை முழுதாகத் திருப்பிவிட்டேன். வீட்டில் வந்து பார்த்தால் சாயல் போய், கலங்கல் தண்ணீர் மட்டும் இருந்தது. அடுத்த நாள் மழைத் தூறலில் திரும்பவும் போய், வளையத்தைப் பாதியில் நிறுத்தி எடுத்தேன். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பாலமீன்மடு வெளிச்சவீட்டில் இது கைகொடுக்கவில்லை. 1913இல் கட்டிய 28 மீட்டர் கோபுரம், வெள்ளை வானத்துக்கு முன்னால் கரைந்து போகிறது. அங்கே ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னால் கறுத்த முகில் ஏறும்வரை காத்திருப்பதுதான் வழி.

குறைகளும் உண்டு. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தைக் குடிக்கிறது (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), ஏற்கெனவே இருண்ட நாளில் அது பெரிய இழப்பு. கமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 400இல் வைத்து எடுக்க வேண்டியதை 1600க்குக் கொண்டுபோனேன், பூங்காவில் ஓடிய பிள்ளைகள் அப்படியும் மங்கித்தான் வந்தார்கள். ஈரத்தில் வளையம் இறுகி லென்ஸோடு ஒட்டிக்கொண்டது, சுற்றிவர ஒரு ரப்பர் பாண்ட் போட்டுத் திருகியதும் கழன்றது. கண்ணாடியில் விழுந்த துளியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், அது எண்ணெய் மாதிரிப் பரவும். உலர்ந்த பருத்தி லேஞ்சி இரண்டு கொண்டுபோங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் லென்ஸ் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள், விட்டம் அங்கே இருக்கும். கமராவோடு சேர்ந்து வரும் சில பழைய கிட் லென்ஸ்களில் ஃபோகஸ் பண்ணும்போது முன்பகுதியே சுழலும், அப்படியானால் முதலில் ஃபோகஸ், அப்புறம் வளையம். இரண்டு மூன்று லென்ஸ் வைத்திருந்தால் பெரிய விட்டத்துக்கு ஒன்று வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு, பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். நான் அடுத்த முறை அப்படித்தான் செய்யப்போகிறேன்.