மின்கலத்தை அளக்க வோல்ட்மீட்டரா, மின்னழுத்தமானியா?

ஒரு மின்கலத்தின் மின்னியக்கு விசையை (மின்னோட்டம் எடுக்காதபோது அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை) அளக்க மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில் இரண்டு வழிகள் உண்டு. வோல்ட்மீட்டரை மின்கலத்தின் முனைகளில் இணைத்தால் அளவீடு உடனே கிடைத்துவிடுகிறது. மின்னழுத்தமானிக்கோ 10 மீட்டர் கம்பி, துணை மின்கல அடுக்கு, சிறு மின்னோட்டத்தையும் முள்ளால் காட்டும் கால்வனோமீட்டர், கம்பியை வேண்டிய இடத்தில் தொடுவதற்கான தொடுசாவி என எல்லாம் வேண்டும். ஓர் இணைப்பு மாறிப்போனாலும் கால்வனோமீட்டரின் முள் ஒரே பக்கம் விலகி நிற்கும். இத்தனை பாடு எதற்கு என்று மாணவர் கேட்டால், 'மின்னழுத்தமானி துல்லியமானது' என்ற ஒற்றை வரி அதற்குப் போதிய விடையாகாது.

அடிப்படை வேறுபாடு மின்னோட்டத்தில் இருக்கிறது. முள் உடைய வோல்ட்மீட்டர் இயங்க, அது அளக்கும் மின்கலமே மின்னோட்டம் தரவேண்டும். அந்த மின்னோட்டம் மின்கலத்தின் உள்ளேயே இருக்கும் மின்தடையான அகமின்தடை வழியாகவும் பாய்வதால், முனைகளில் கிடைக்கும் மின்னழுத்தம் மின்னியக்கு விசையைவிடச் சற்றுக் குறைகிறது. மின்னழுத்தமானியோ, தராசில் எடைக்கல்லை வைத்துப் பொருளைச் சமன்செய்வதுபோல, கம்பியின் ஒரு நீளத்தில் ஏற்படும் மின்னழுத்த இறக்கத்தை மின்கலத்திற்கு எதிராக நிறுத்துகிறது. கால்வனோமீட்டரின் முள் சுழியில் நிற்கும் இந்தச் சமநிலையில் மின்கலத்திலிருந்து மின்னோட்டமே எடுக்கப்படுவதில்லை.

ஆனால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மின்னியக்கு விசை 1.5 வோல்ட், அகமின்தடை 2 ஓம் கொண்ட மின்கலத்தை 300 ஓம் மின்தடையுள்ள வோல்ட்மீட்டரால் அளந்தால், அது ஏறத்தாழ 1.49 வோல்ட் காட்டும். அளவுகோலின் மிகச்சிறிய பிரிவு 0.1 வோல்ட்டாக இருக்கும் கருவியில் இந்தக் குறைவு கண்ணுக்கே தெரியாது. ஆகவே மின்னியக்கு விசையை மட்டும் தோராயமாக அறிய வேண்டுமென்றால் வோல்ட்மீட்டரே போதும் என்பது என் கருத்து.

அகமின்தடையைக் காணும்போதுதான் நிலைமை அடியோடு மாறுகிறது. 1.5 வோல்ட் மின்கலத்தின் அகமின்தடை 1 ஓம் என்றும், அதனுடன் 20 ஓம் மின்தடையை இணைக்கிறோம் என்றும் கொள்வோம். முனை மின்னழுத்தம் சுமார் 1.43 வோல்ட்டாக இறங்கும். நமக்குத் தேவையானது இந்த 0.07 வோல்ட் வேறுபாடு. அதுவோ வோல்ட்மீட்டரின் ஒரு பிரிவைவிடச் சிறியது. ஏறக்குறைய சமமான இரண்டு அளவீடுகளைக் கழிக்கும்போது, ஒவ்வொன்றிலும் உள்ள சிறு பிழை விடையையே விழுங்கிவிடுகிறது. இதே சோதனையை, 10 மீட்டர் கம்பியில் 2 வோல்ட் இறங்கும் மின்னழுத்தமானியில் செய்தால், சமநிலை கிடைக்கும் கம்பி நீளமான சமன்செய் நீளம் 7.50 மீட்டரிலிருந்து சுமார் 7.14 மீட்டருக்குக் குறையும். 36 சென்டிமீட்டர் வேறுபாட்டை யாராலும் அளக்க முடியும். இரண்டு நீளங்களின் வேறுபாட்டை இரண்டாவது நீளத்தால் வகுத்து 20 ஓம்-ஆல் பெருக்கினால் அகமின்தடை கிடைத்துவிடும். மின்னழுத்தமானியின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. பாடம் நடத்தும்போது இதை முன்னால் வைத்தால் மாணவர்கள் அந்தக் கருவியை வெறுக்கமாட்டார்கள்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் இந்தப் போட்டியில் மூன்றாவதாக நுழைந்திருக்கிறது. அவற்றுள் பலவற்றின் உள்ளீட்டு மின்தடை 10 மெகா ஓம் அளவில் இருப்பதால், மின்னோட்டம் எடுக்கிறது என்ற பழைய குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. தொடரிணைப்பில் உள்ள இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளுக்கு 3 வோல்ட் கொடுத்து, ஒன்றின் குறுக்கே 10 கிலோ ஓம் வோல்ட்மீட்டரை இணைத்தால் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1 வோல்ட்தான் காட்டும், மல்டிமீட்டரோ 1.499 வோல்ட் வரை காட்டும். அன்றாட வேலைக்கு அதையே தேர்ந்தெடுக்கலாம்.

மின்னழுத்தமானியிலும் பிழைகள் உண்டு. கம்பி எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். துணை மின்கல அடுக்கின் மின்னழுத்தம் சோதனை முடியும்வரை மாறக்கூடாது. அது அளக்கப்படும் மின்கலத்தின் மின்னியக்கு விசையைவிடக் குறைந்தால் சமநிலையே கிடைக்காது. தொடுசாவியைக் கம்பியில் இழுத்துத் தேய்க்காமல், தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். சமநிலையைத் தேடும்போது மின்கலம் வழியே மின்னோட்டம் பாய்வதால், கால்வனோமீட்டருடன் உயர் மின்தடை ஒன்றைத் தொடரில் வைத்து, முள் சுழியை நெருங்கிய பிறகே அதை நீக்க வேண்டும். அகமின்தடைச் சோதனையில் புற மின்தடையைத் தேர்வதிலும் கவனம் தேவை: மிகப் பெரியதாக இருந்தால் இரு நீளங்களும் ஒன்றாகவே தோன்றும், மிகச் சிறியதாக இருந்தால் மின்கலம் வேகமாகத் தளர்ந்து, சமன்செய் நீளம் அளக்கும்போதே நகர்ந்துகொண்டிருக்கும்.