40 அடி மண்டபத்துக்கு எது சரி: சாதா பீமா, போஸ்ட் டென்ஷனா?

"மேடையைப் பில்லர் மறைக்கக் கூடாது, பந்திக்கு நடுவிலும் பில்லர் வரக் கூடாது." மதுரை ரிங் ரோட்டை ஒட்டி மண்டபம் கட்ட வருகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். அப்படியென்றால் பில்லருக்குப் பில்லர் 12 மீட்டர், அதாவது 40 அடி விட வேண்டும்.

வழக்கமான கம்பி கட்டிய பீம் என்றால், இந்த நீளத்துக்கு அதன் ஆழமே ஏறக்குறைய 3 அடி வந்துவிடும். அதற்கு அடியில் ஏசி டக்ட், அப்புறம் ஃபால்ஸ் சீலிங். எவ்வளவு பெரிய ஹாலாக இருந்தாலும் கூரை தலையில் இறங்கின மாதிரி தெரியும். போஸ்ட் டென்ஷனில், அதாவது கான்கிரீட் இறுகிய பிறகு உள்ளே ஓடும் கேபிளை இழுத்துக் கட்டும் முறையில், அகலமான பீமாகப் போட்டு 2 அடிக்குள் முடிக்கலாம். இந்த நீளத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் சட்டென்று புரியும். பட்டை ஆறிச் சுருங்கும்போது மரத்தை இறுக்கிப் பிடிக்கும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். அதனால் கேபிளை இழுத்துக் கட்டி, கான்கிரீட்டை முன்கூட்டியே அமுக்கி வைக்கிறோம். ஏழு இழை முறுக்கிய 12.7 மில்லிமீட்டர் ஸ்ட்ராண்ட் அது. அதே கான்கிரீட்டில் வார்த்த சோதனைக் கட்டியான கியூபை உடைத்துப் பார்த்து, வேண்டிய பலம் வந்த பிறகே கேபிளை இழுக்கும் ஜாக்கியை மாட்டுவோம். ஒரு ஸ்ட்ராண்டை ஏறக்குறைய 14 டன் வரை இழுக்கும்போது 30 மீட்டர் கேபிள் கிட்டத்தட்ட ஒரு சாண் நீளும். முன்பே அடித்த பெயிண்ட் குறி எவ்வளவு வெளியே வந்தது என்று டேப் வைத்து அளந்து, கணக்கோடு ஒப்பிடுவோம். அந்த நேரத்தில் ஜாக்கிக்குப் பின்னால் யாரையும் நிற்க விடவே கூடாது.

பில்லர் இடைவெளி 25 அடிக்குள் என்றால் இவ்வளவும் வேண்டாம், சாதா முறையே போதும். மேலூரோ திருமங்கலமோ, எங்கே வேலை என்றாலும் கம்பி கட்ட ஆள் கிடைப்பார்கள். கேபிள் வேலைக்குத் தனி டீம் ஜாக்கியோடு வர வேண்டும். சின்ன ஸ்லாபுக்குக் கட்டுபடியாகாது.

போஸ்ட் டென்ஷனில் எனக்கு இருக்கும் பெரிய கவலை கிரௌட்டிங். இழுத்த கேபிளைச் சுற்றி, அது ஓடும் குழாயான டக்டுக்குள் சிமெண்ட் பால் முழுசாக நிரம்ப வேண்டும். காலி இடம் விட்டால் உள்ளே ஈரம் சேர்ந்து துரு பிடிக்கும், வெளியே ஒன்றுமே தெரியாது. சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் நான் விடியற்காலையிலேயே இந்த வேலையை முடித்துவிடுவேன்.

அடுத்தது ஓட்டை போடும் பழக்கம். நான் பார்த்த ஒரு மண்டபத்தில், கட்டி முடித்த பிறகு வந்த பிளம்பர் பைப்புக்காக ஸ்லாபில் துளை போடும் கோர் கட்டரை வைத்துவிட்டார். கேபிளுக்கு நாலு விரல்கடை தள்ளித்தான் ஓட்டை விழுந்திருந்தது; கொஞ்சம் தவறியிருந்தால் இழுத்துக் கட்டிய கேபிளே அறுந்திருக்கும். வாடகைக்கு ஆள் மாறும்போதெல்லாம் ஸ்லாபை உடைக்கும் கடைக் கட்டிடங்களுக்கு நான் போஸ்ட் டென்ஷனைச் சொல்லவே மாட்டேன். மண்டபம் என்றால், கான்கிரீட் போடுவதற்கு முன்பே சென்ட்ரிங் பலகையில் கேபிள் போகும் வழிக்குப் பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். பலகையைப் பிரித்ததும் அந்தக் கோடு ஸ்லாபின் அடியில் ஒட்டியிருக்கும். ஃபால்ஸ் சீலிங் போட வருகிறவர் அதைப் பார்த்துத் தள்ளித் துளைப்பார்.