'என்' வந்தால் இன்னா, ஆனா, அட்டா?

ஸ்பானிய மொழியில் இருந்த கணிதப் பாடக்குறிப்பு ஒன்றைச் சமீபத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். தேற்றங்கள் மளமளவென்று முடிந்துவிட்டன. இழுத்தடித்தது 'என்' என்ற பொடிச்சொல்தான். (நம்முடைய 'என்' இல்லை, ஸ்பானிய முன்னிடைச்சொல்.) பெட்டியில், மேசையில், வாசலில் என்று நம் 'இல்' எங்கும் ஒட்டிக்கொள்கிறதே, அதே குணம் இதற்கும். ஆங்கிலத்திலோ இன், ஆன், அட் என்று மூன்றில் ஒன்றைப் பொறுக்கியாக வேண்டும்.

கணத்தின் உறுப்பு என்றால் இன். ஒரு புள்ளியில் தொடர்ச்சி (மதிப்பு அங்கே தாவாமல் இருப்பது) என்றால் அட். இதிலெல்லாம் சண்டையே கிடையாது.

சண்டை இடைவெளியில்தான். ஒரு சார்பு 'கோன்டினுவா என் [0, 1]' என்று, அதாவது 0 முதல் 1 வரை இரு முனைகளும் சேர்ந்த இடைவெளியில் தொடர்ச்சியானது என்று, மூலத்தில் இருக்கிறது. 'ஆன் [0, 1]' என்று போடலாம். 'அட் எவ்ரி பாயின்ட் ஆஃப் [0, 1]' என்றும் விரிக்கலாம். விரித்தால் தெளிவாக இருக்குமே என்று நான் இரண்டாவதைப் போட்டேன். பிழை பார்த்தவர் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

அவர் செய்தது சரி. அங்கே இருந்த சார்பின் மதிப்பு [0, 1]-க்குள் 1, வெளியே 0. இடைவெளிக்குள் மட்டும் பார்த்தால் அது மாறிலி, தொடர்ச்சிக்கு என்ன குறை? ஆனால் மெய்யெண் கோடு முழுவதையும் வைத்துப் பார்த்தால் 0-க்கு இடப்பக்கம் மதிப்பு 0, அந்தப் புள்ளியில் சட்டென்று 1. 1-லும் இப்படியே ஒரு தாவல். ஆக, என் வாக்கியம் அப்பட்டமான பொய்.

டிரிஷ்லே சார்பில் இது இன்னும் மோசம். விகிதமுறு எண்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0. விகிதமுறு எண்களோடு நிறுத்திக்கொண்டால் அதுவும் மாறிலிதான், தொடர்ச்சியானது. கோடு முழுவதிலும் எடுத்தால் ஒரு புள்ளியில்கூடத் தொடர்ச்சி இல்லை.

அதனால் என் ஓட்டு 'ஆன்' பக்கம். ஆசிரியர் விரிக்காததை நாம் விரிக்க வேண்டாம். 'ஆன்' என்பதையே புள்ளிதோறும் என்ற பொருளில் எடுப்பவர்களும் உண்டு என்பதால், சந்தேகம் வரும் இடத்தில் 'இந்த இடைவெளிக்குக் கட்டுப்படுத்திய சார்பு' என்று நாலு சொல் கூட்டிவிடுகிறேன். திறந்த கணமாக (விளிம்புப் புள்ளி எதுவும் சேராததாக) இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, இரண்டு பொருளும் ஒன்றாகிவிடும். அங்கே 'இன்' போட்டாலும் 'ஆன்' போட்டாலும் அவரவர் ருசி.

அப்புறம் 'ஸோப்ரே'. அகராதி 'மேல்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொன்னால் ஓவர், பொருள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் ஆன் என்று வைத்திருக்கிறேன். மெய்யெண்களின் மேல் வெக்டர் வெளி என்றால் ஓவர், பரப்பின் மேல் வளைவரை என்றால் ஆன். தொகையீடு மட்டும் இதில் அடங்காது, அதற்கு எப்போதும் ஓவர்தான். நான் புழங்குவது பகுப்பாய்வும் கொஞ்சம் இயற்கணிதமும். புள்ளியியல்காரர்களிடம் இந்தக் கணக்கு செல்லுமா என்று கேட்டால் கையை விரித்துவிடுவேன்.

'என்ட்ரே' என்றால் 'நடுவில்' என்றுதான் பாடம் தொடங்கும். ஆனால் '12 என்ட்ரே 3' வகுத்தல் கணக்கு, விடை 4. அந்த 4-ம் 3-க்கும் 12-க்கும் நடுவிலேயே வந்து நிற்பதால், தப்பாகப் படித்தவருக்குக்கூட உடனே உறைக்காது.